பட்டி பூசக் கூடாத வெடிப்பு

 

மேல்மாடி அறையைப் பிரித்துச் சுவர் அடிக்க நல்ல பாஸ் ஒருவர் தெரிந்தால் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டிருந்தோம். நிறையப் பேர் பெயர் சொன்னீர்கள். அதைவிடக் கூடுதலானோர் "கிடைத்தாரா, என்ன கேட்டார், நாங்களும் செய்ய வேண்டும்" என்று தனியாக எழுதினீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டு முடியவில்லை. அதனால் நடந்ததையும் எங்கள் அபிப்பிராயத்தையும் சேர்த்து இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் புரட்டிப்போட்ட மாவட்டம் இது. வீட்டையும் வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்தே இழந்த குடும்பங்கள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. எங்களுக்குப் போனது ஒரு போர்ட் சுவர் மட்டும்தான். அதை இழப்பு என்று சொல்லவே வெட்கம். ஆனால் இப்போது பதுளையிலும் ஹாலிஎலவிலும் பசறையிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் சுவர் வேலை, சீலிங் வேலை, பூச்சு வேலை நடக்கிறது. கையில் அகப்பட்டவரைப் பிடித்து வேலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறோம்.

வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். உம்மா இருக்கிறார், மூன்று பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். மேலே இருப்பது ஒரே நீள அறை. அதை இரண்டாக்கிக் கொடுத்தால் சின்னவர்களின் சத்தம் இல்லாமல் படிப்பாள் என்று நினைத்தோம். 12 அடி நீளம், 9 அடி உயரம். கல்லில் கட்டத்தான் முதலில் யோசித்தோம். ஆனால் அந்த இடத்தில் கீழே பீம் இல்லை. 4 அங்குல சீமெந்துக் கல்லில் கட்டி இரண்டு பக்கமும் பூசினால் அவ்வளவு சுவர் இரண்டு தொன்னுக்கு மேல் நிறை வரும். தகரச் சட்டம் போட்டு இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்ட் அடித்தால் கால் தொன் அளவோடு முடியும். மலைச்சரிவில் மாடி கட்டியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

போர்ட் என்று தீர்மானித்தோம். அதுவரை சரிதான். ஆளைப் பிடித்த விதத்தில்தான் பிழைத்தோம்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறை விசாரிக்கிறோம். பாஸ் பிடிக்கும்போது ஒரே கேள்வி: எவ்வளவு? இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவர் கேட்டதற்கும் இடையில் சதுர அடிக்கு 80 ரூபாய் வித்தியாசம். 108 சதுர அடிக்கு 8640 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டோம். கணித ஆசிரியர் வீட்டில் கணக்குப் பிழைக்குமா? குறைத்துக் கேட்டவர் சொந்தத்தில் ஒருவருக்குத் தெரிந்தவர். தங்கமான மனிதர். முப்பது வருடமாக மேசன் வேலை செய்பவர். அவர் கட்டிய சுவர்கள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் ஜிப்சம் போர்ட் அவருடைய தொழில் இல்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. மேசன் என்றால் சுவர் சம்பந்தப்பட்ட எல்லாம் தெரியும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். கணித ஆசிரியரைப் பிடித்து சங்கீதம் படிப்பிக்கச் சொல்லும்போது நாங்கள் எவ்வளவு கத்துவோம்!

மூன்று நாளில் சுவர் நின்றது. நான்காம் நாள் பெயின்ட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு கிழமையில் போர்டும் போர்டும் சேரும் இடமெல்லாம் மயிர் போல வெடிப்பு. ஸ்க்ரூ தலைகள் ஒவ்வொன்றாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு புயல். ஜன்னலால் அடித்த தண்ணீர் தரையில் தேங்கியது ஒரே ஒரு இரவுதான். சுவர் தன்பாட்டில் அதைக் குடித்து முழங்கால் உயரத்துக்கு ஊறியிருந்தது. நாலைந்து நாளில் கறுப்புப் பூஞ்சணம். இளையவனுக்கு இழுப்பு. அதோடு அறையைப் பூட்டிவிட்டோம். பிள்ளை மறுபடியும் குசினி மேசையில் படிக்க ஆரம்பித்தாள்.

என்ன பிழை நடந்தது என்பது இரண்டாவது பாஸ் வந்து கழற்றும்போதுதான் விளங்கியது. அந்தத் தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் வளர்ந்தவர். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றதும் கொழும்புக்குப் போய், எட்டு வருடம் மாடிக் கட்டடங்களில் சீலிங்கும் பார்ட்டிஷனும் அடித்திருக்கிறார். எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர்தான் அவரைப் பற்றிச் சொன்னார். தொலைபேசியில் விலை கேட்டோம். "பாக்காம எப்படி சேர் சொல்றது? அதுக்கு முன்னாடி நீங்க நான் செஞ்ச வேலைய ஒருக்கா பாருங்க" என்று பதுளை டவுனில் ஒரு கடைக்கு வரச் சொன்னார். போனோம். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கையிலிருந்த டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். நேரே பார்த்தால் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். வெளிச்சம் பக்கத்தால் விழும்போதுதான் மேடு, பள்ளம், தேய்த்த தழும்பு எல்லாம் வெளியே வரும். அந்தச் சுவரில் எதுவும் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து போர்டைக் கழற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். போர்ட் இரண்டு சேரும் மூட்டில் டேப் ஒட்டியே ஆக வேண்டும். டேப் இல்லாமல் வெறும் பட்டியை அடைத்தால் வீடு கொஞ்சம் சூடாகிக் குளிரும்போதே வெடித்துவிடும். மூட்டுக்குரிய கலவையும் சாதாரண சுவர்ப் பட்டியும் ஒன்றல்ல. அதை ஒரே பூச்சில் நிரப்பவும் கூடாது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கொழும்பு வெயிலில் ஒரு நாள் போதும். பதுளையில் மழைக்காலத்தில் இரண்டு நாளும் எடுக்கும், அவசரப்படுத்தினால் பிறகு சுருங்கிக் குழி விழும். ஸ்க்ரூ தலை போர்டின் கடதாசியைக் கிழிக்காமல் ஒரு மயிரளவு உள்ளே போய் நிற்க வேண்டும். கிழித்துக்கொண்டு போனால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். போர்ட்களின் மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் கல் கட்டுவது போல மாறி மாறி வர வேண்டும். எல்லாவற்றையும் விட, போர்ட் தரையில் முட்டவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் அளவு தூக்கி அடித்து, அந்த இடைவெளியைப் பிறகு பீடிங் போட்டு மூட வேண்டும். முட்டினால் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போலத் தண்ணீரை மேலே இழுக்கும். எங்களுடையது இழுத்தது அப்படித்தான்.

ஊறிய ஜிப்சம் போர்டைக் காயவைத்து மேலே பெயின்ட் அடிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒன்றிரண்டு நாளிலேயே உள்ளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஊறிய பகுதிக்கு மேலே நன்றாகத் தள்ளி வெட்டி எடுத்து எறிவதுதான் வழி. குளியலறை ஓரம், குசினி ஓரம் என்றால் ஈரலிப்பைத் தாங்கும் பச்சைப் போர்ட் அல்லது சீமெந்து போர்ட் கேளுங்கள். பனி மூட்டம் ஜன்னலால் உள்ளே வரும் ஊரில் இது ஆடம்பரம் இல்லை.

இன்னொரு விஷயம். முதல் தடவை வேலை நடந்தபோது சட்டத்தைப் பிடிக்க வைக்க மேலே கூரை ஓரத்தில் அஸ்பெஸ்டஸ் தகட்டைத் துளைத்திருந்தார்கள். தூசியைத் தும்புத்தடியால் கூட்டியது நாங்களேதான், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க. இந்தத் தம்பி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அஸ்பெஸ்டஸ் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. துளைப்பது, உடைப்பது, காய்ந்த தூசியைக் கூட்டுவது மூன்றும் ஆபத்து. தொட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எங்கள் நாடு 2018 ஜனவரியிலிருந்து இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே இருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு கிடந்ததாகச் சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் அங்கே தேயிலைத் தடை நீங்கியது, இங்கே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளின் தலைக்கு மேலேதான் அந்தத் தகடும் இருக்கிறது என்பதை யோசித்தால் தூக்கம் வராது. சரி, அது பெரிய கதை.

கூலி விஷயத்துக்கு வருவோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மற்றவர்களுக்கு அதைச் சொல்லியும் கொடுப்பவர்கள். ஆனால் எங்கள் ஊரில் பாஸ்மாருக்குக் கடைசிக் காசு எப்போது போகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பெருநாள் முடியட்டும்", "சம்பளம் விழட்டும்", "அந்த மூலையில ஒரு குறை இருக்கே". அந்த மூலைக் குறையைக் காசு கேட்ட பிறகுதான் கண்டுபிடிப்போம். மறுபக்கம் அவர்களும் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் கடைசிக் காசு வராது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டு பக்கமும் நம்பிக்கை இல்லாத இடத்தில் எழுத்துத்தான் உதவும். குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றி. ஆனால் பாஸிடம் எழுத்துக் கேட்டால் "என்ன சேர், நம்பிக்கை இல்லையா" என்று மனம் நோகும் என்று நாங்களே பின்வாங்குகிறோம்.

இந்தத் தடவை எழுதினோம். பிள்ளையின் கொப்பியில் கிழித்த ஒரே ஒரு தாள். எந்தப் போர்ட், எத்தனை மில்லிமீட்டர் (சுவருக்கு 12, சீலிங் என்றால் 9 போதும் என்றார்), சட்டத்துக்குச் சட்டம் 2 அடி, மூட்டுக்கு டேப், மூன்று பூச்சு, சாமான் யார் வாங்குவது, குப்பையை யார் அப்புறப்படுத்துவது. காசு நான்கு தவணை: சாமானுக்கு முற்பணம், சட்டம் நின்றதும் ஒரு பங்கு, பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு, 10,000 ரூபாய் மட்டும் மூன்று கிழமை கழித்து. அந்தத் திகதியையும் எழுதினோம். அது கடனாக நிறுத்திவைத்த காசு இல்லை, அவரே ஒத்துக்கொண்ட தவணை. அவருக்கு மனம் நோகவில்லை. "இப்படி எழுதினா எங்களுக்கும் நல்லம் டீச்சர், பிறகு அது செய் இது செய்னு சொல்ல மாட்டாங்க" என்றார். போர்டை மூடுவதற்கு முன் சட்டத்தையும் வயர் போகும் இடத்தையும் படம் எடுத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். நாளைக்கு அலுமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும் என்றார்.

இவரிடம் தொழில் தகைமைச் சான்றிதழும் இருந்தது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், செய்துவந்த தொழிலைச் செய்துகாட்டி என்.வீ.கியூ. எடுக்கலாம். நைட்டா போன்ற நிறுவனங்கள் அப்படி மதிப்பிட்டுக் கொடுக்கின்றன. 2014ஆம் ஆண்டின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தில் கைவினைஞர்களைப் பதிந்து அடையாள அட்டை கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. சான்றிதழ் இருப்பவரெல்லாம் கெட்டிக்காரர், இல்லாதவரெல்லாம் ஆகாதவர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் முதல் பாஸிடமும் ஒரு சான்றிதழும் இல்லை, ஆனால் கல்லுச் சுவர் என்றால் நாளைக்கும் அவரைத்தான் கூப்பிடுவோம். கேட்பதில் தவறில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

இதில் எங்களுக்கு இன்னொன்று உறுத்துகிறது. இந்தத் தம்பி போன்ற பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறியவுடன் எங்கள் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பிள்ளை உளவியல் படித்தோம். ஆனால் ஒரு சுவரை நூல் பிடித்தது போல நிறுத்தும் மூளைக்கு எத்தனை புள்ளி என்று எங்களுக்குப் போடத் தெரியாது. அவர் 12 அடிக்கு 9 அடியை மனதாலேயே போர்டாகப் பிரித்து, எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். தோட்டத்தில் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் கொழும்புக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

சுவர் முடிந்த பின்னேரம், மீதித் துண்டுகளை வேனில் ஏற்றலாமா என்று கேட்டார். கட்டில் அடியில் வைத்தால் எதற்காவது உதவும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எதற்கு என்று கேட்டபோது சிரித்தார். அவர்கள் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நடுவில் சேலை கட்டியிருக்கிறது. தங்கை உயர்தரம் படிக்கிறாள். "அவளுக்கு ஒரு மூலைய அடைச்சுக் கொடுக்கலாம்னு பாக்குறேன் சேர்." ஊர் முழுக்க அறை பிரித்துக் கொடுப்பவர். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துண்டுகளோடு மீதி டேப்பையும் கலவை வாளியையும் ஏற்றிவிட்டோம்.

இதெல்லாம் கூட எழுதாமல் விட்டிருப்போம். எழுத வைத்தது கீழே பின்பக்கத்து வெடிப்பு.

எங்கள் பின்சுவர் மண்மேட்டைப் பார்த்தது. புயலுக்குப் பிறகு ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக, படிபடியாக ஒரு வெடிப்பு. பாஸ் வந்த கையோடு அதையும் பட்டி வைத்து பெயின்ட் அடித்துத் தரச் சொன்னோம். தனியாகக் காசு தருவதாகவும் சொன்னோம். அவர் விரலை வைத்துப் பார்த்தார். எப்போது வந்தது என்று கேட்டார். வெளியே போய் வடிகானைப் பார்த்தார். அதே நேரே வடிகானும் வெடித்திருந்தது, மழைத்தண்ணீர் அதற்குள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

"இதுக்குப் பட்டி வைக்க மாட்டேன் சேர்" என்றார். "வச்சா நாளைக்கே அழகா இருக்கும். ஆனா கூடுதா, அப்படியே நிக்குதான்னு உங்களுக்குத் தெரியாமப் போயிரும். எங்க லயத்துல தீபாவளிக்கு நாங்கதான் சீமெந்து வச்சு சுண்ணாம்பு அடிச்சோம். நவம்பர்ல அந்தப் பக்கம் அப்படியே போயிருச்சு. அன்னைக்கு அம்மா அந்தப் பக்கம் படுக்கல."

பிறகு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் கலவை வைத்து ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதினார். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம், அப்படியானால் அன்றிரவே வீட்டில் படுக்கக் கூடாது என்றார். இதற்கு அவர் காசு வாங்கவில்லை. வருகிற காசையும் வேண்டாம் என்று சொன்ன வேலை அது.

8640 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போன நாங்கள் இதைத்தான் தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் என்று இப்போது நினைக்கிறோம். சுவர் வேலையில் கடைசியாக வருபவர் அவர்தான். அவர் மூடிவிட்டால் அதற்குப் பின்னால் யாரும் பார்க்கப் போவதில்லை. எதை மூடலாம், எதை மூடக் கூடாது என்று தெரிந்த ஆள் எங்கள் மலைநாட்டில் அழகுக்காக மட்டும் தேவைப்படுபவர் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட இடம்.

ஆகவே புயலுக்குப் பிறகு வீட்டைத் திருத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயின்ட் வாளியை வாங்க முன்பு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். சுவரில் சாய்வான புது வெடிப்பு, நிலத்தில் வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு ஜன்னல், சாய்ந்த மரம், புதிதாகப் பொங்கும் அல்லது கலங்கி வரும் ஊற்று இருந்தால் பாஸைக் கூப்பிட முன்பு கிராம சேவகரைக் கூப்பிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து வந்து பார்க்கச் சொல்லலாம். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. எங்களுடையதையும் அறிவித்தோம். வந்து பார்த்தார்கள். முதலில் வடிகானைத் திருத்தித் தண்ணீரை அந்தப் பக்கம் இறங்கவிடாமல் திருப்பச் சொன்னார்கள். அதற்குக் கல்லுச் சுவர் கட்டும் எங்கள் பழைய பாஸைத்தான் கூப்பிட்டோம். அதையும் எழுதித்தான் கொடுத்தோம். அவர் வாசித்துவிட்டு, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே மாஸ்டர்" என்றார்.

மேல்மாடிச் சுவருக்கு மூன்று கிழமை முடிந்து தம்பி டோர்ச்சோடு வந்தார். நாங்கள் குறை எதுவும் காணவில்லை. அவரே ஒரு மூட்டில் மேடு கண்டுபிடித்துத் தேய்த்துவிட்டுத்தான் 10,000 ரூபாயை வாங்கினார். மகள் இப்போது அந்தப் பக்கம்தான் படிக்கிறாள். அவருடைய இலக்கம் வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், அவரிடம் அனுமதி வாங்கித் தருகிறோம். இப்போதைக்கு அடுத்த மாதம் வரை வேலை இருக்கிறதாம். அவசரப்படுத்தாதீர்கள்.

பின்சுவர் இன்னும் பெயின்ட் இல்லாமல் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். இரவு மழை பெய்தால் சுபஹு தொழுதுவிட்டு உம்மாதான் முதலில் போய்ப் பார்க்கிறார். இன்று காலை வரை கண்ணாடி உடையவில்லை.